சிறுவரின் எழுத்தும் பெரியவரின் கையும்

சிறுவர் பக்கத்துக்கெனத் தபாலில் வந்து சேரும் ஆக்கங்களை நாம் நீண்ட காலமாகப் படித்து வருகின்றோம். ‘மரம் வளர்ப்போம்’, ‘காலம் பொன் போன்றது’, ‘நான் விரும்பும் பெரியார்’ என்பனவே பெரும்பாலும் அவற்றின் தலைப்புகளாக இருக்கும். கீழே பிள்ளையின் பெயர், தரம், பாடசாலை என்பன குறிக்கப்பட்டிருக்கும். ஆனால், மூன்றாவது வசனத்துக்கு வரும்போதே இது எட்டு வயதுப் பிள்ளையின் எழுத்தல்ல என்பது புலப்பட்டுவிடும். ‘இத்தரணியில்’, ‘அளப்பரிய சேவை’, ‘என்றால் அது மிகையாகாது’ முதலான சொற்கள் தந்தையினுடையவையாக அல்லது ஆசிரியருடையவையாக இருக்கும். அதனைப் பார்த்துப் பிரதி செய்த கையெழுத்து மாத்திரமே பிள்ளையினுடையது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு வந்ததொரு கட்டுரைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. ‘எங்கட பூனை மூண்டு குட்டி போட்டது. ஒண்டுக்கு வால் இல்ல. அதை ஒருத்தரும் கேக்கேல்ல. நான் வச்சிருக்கிறன்.’ இவ்வளவுதான். முன்பக்கத்தில் இருந்த கட்டுரையை நாம் பிரசுரித்தோம், பின்பக்கத்தை விட்டுவிட்டோம். அந்தப் பிள்ளை உண்மையில் எழுதியது பின்பக்கத்தைத்தான் என்பதை உணர எமக்குச் சற்றுக் காலம் பிடித்தது. எமது பாடசாலைகளிலும் வீடுகளிலும் நாள்தோறும் நடைபெறுவதும் இதுவே என்பதனாலேயே இதனை இங்கு குறிப்பிடுகின்றோம்.

எழுத்தறிவு வீதத்தில் தெற்காசியாவில் முன்னணியில் நிற்கும் நாடு என்ற பெருமை எமக்குண்டு. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 95 வீதத்துக்கும் அதிகமானவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது குறைவாக இருந்தபோதிலும், மொத்தத்தில் இது சாதாரண சாதனையன்று. 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1980 முதல் வழங்கப்பட்டு வரும் இலவசப் பாடநூல்களும் இதற்குப் பெரிதும் காரணமாகும். ஆயினும், வாசிக்கவும் பெயரை எழுதவும் தெரிந்த ஒருவர், தமது மனதில் இருப்பதைத் தாமே பத்து வசனங்களில் எழுதக்கூடியவரா என்பதை எந்தக் குடிசன மதிப்பீடும் கேட்பதில்லை. அரச அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவதற்கே பிறரைத் தேடிச் செல்லும் வளர்ந்தோர் எம்மிடையே எத்தனை பேர் உள்ளனர் என்பதை நாம் அறிவோம்.

எமது சமூகங்களில் எழுத்து மிகுந்த மரியாதையுடனேயே தொடங்கி வைக்கப்படுகின்றது. விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுத வைக்கின்றார். முஸ்லிம் பிள்ளை ஓதப் பள்ளியில் அலிப், பே எனத் தொடங்கி, ஆசிரியர் சொல்லத் தானும் சொல்லி எழுத்துலகில் நுழைகின்றது. இரண்டும் போற்றப்பட வேண்டிய மரபுகள். தொடக்கத்தில் பிள்ளையின் விரலுக்குப் பெரியவரின் துணை தேவை. ஆனால், அரிசியில் பிடித்த விரலை ஐந்தாம் தரம் வரையிலும், சில வேளைகளில் சாதாரண தரம் வரையிலும் நாம் விடுவதேயில்லை. பிரச்சினை தோன்றுவது அங்கேதான்.

தமிழ் நெடுங்கணக்கில் 247 எழுத்துகள் உள்ளன. இவையனைத்தையும் முதலில் கற்க வேண்டும், அதன்பின் சொற்கள், அதன்பின் வசனங்கள், இவையெல்லாம் கைவந்த பின்னரே சொந்தமாக எழுதுதல் என்பது எம்மிடையே எழுதப்படாத சட்டமாக உள்ளது. இதனால் ஆக்க எழுத்து என்பது கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான மேலதிக அலங்காரமாகக் கருதப்படுகின்றது. ஆனால், ட, ப, ம, க, ர என்ற ஐந்து எழுத்துகளும் ஒரு குற்றும் தெரிந்த பிள்ளையினால் படம், பட்டம், மரம், கடகம், பக்கம் எனப் பல சொற்களை எழுத முடியும். தான் வரைந்த பட்டத்தின் அருகே ‘பட்டம்’ என்று எழுதும் பிள்ளை, தான் நினைத்ததைத் தாளில் வைக்கலாம் என்பதைக் கண்டுகொள்கின்றது. அந்த ஆர்வமே மீதி எழுத்துகளைத் தேடிச் செல்ல அதனைத் தூண்டுகின்றது. எனவே, ஆக்க எழுத்து எழுத்தறிவுக்குப் பின்னர் வருவதன்று. அதுவே எழுத்தறிவுக்கான வழிகளுள் ஒன்றாகும்.

இது எமது கற்பனையன்று. நியூசிலாந்தைச் சேர்ந்த கல்வியியலாளரான மேரி கிளே, பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவர்களின் கிறுக்கல்களை ஆராய்ந்து 1975இல் ஒரு நூலை வெளியிட்டார். பெரியவர்கள் பிழையென ஒதுக்குபவற்றில் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். எமது வகுப்பறைகளிலும் இதனைக் காணலாம். ‘வாளைப்பளம்’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானது அல்ல. தன் வீட்டிலும் தெருவிலும் காதில் விழும் ஒலியை அது சரியாகவே எழுத்தாக்கியிருக்கின்றது. ழகரத்தை எங்கு எழுதுவது என்பதைக் கண்ணால் வாசித்துப் பழகியே அறிய வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். அந்த இடைவெளியில் சிவப்பு மையினால் தாள் முழுவதும் கோடிடப்படுமாயின், பிள்ளை கற்றுக்கொள்வது ழகரத்தையல்ல. தெரியாத சொல்லை எழுதாமல் விடுவதே பாதுகாப்பானது என்பதைத்தான்.

தமிழில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலான தூரம் பெரிது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘எண்டு’ என்கின்றது. பாடநூல் ‘என்று’ என்கின்றது. கிழக்கிலோ மேற்கிலோ உள்ள முஸ்லிம் பிள்ளைக்கு உம்மாவும் வாப்பாவும், நானாவும் ராத்தாவுமே வீடு. மலையகப் பிள்ளைக்கு லயமும் கொழுந்துக் கூடையும் மலையும் அன்றாட உலகம். இவற்றைப் பேசிக்கொண்டு வகுப்பறைக்குள் வரும் ஐந்து வயதுப் பிள்ளையிடம், முதல் நாளிலேயே அதன் மொழி பிழையானது என்று சொல்லப்படுமாயின், அதனிடம் எழுதுவதற்கு என்ன எஞ்சியிருக்கும்? எழுத்துத் தமிழைப் பிள்ளை அவசியம் கற்க வேண்டும். மூன்று சமூகங்களையும் இணைக்கும் பொதுமொழி அதுவே. ஆனால், வீட்டு மொழியில் எழுதிப் பழகிய பிள்ளை எழுத்துமொழிக்கு ஏறிச் செல்வது இலகு. எதையுமே எழுதிப் பழகாத பிள்ளையை அங்கு ஏற்றுவதுதான் கடினம்.

எமது முன்னோர்கள் பிள்ளைகளுக்கான எழுத்தைச் சிறிதாக எண்ணியவர்களல்லர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, முஸ்லிம் பிள்ளைகளுக்கான பாடசாலைகளுக்காகவும் அதே வேகத்துடன் உழைத்தார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்ணால் காணும் ஆடிக்கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடினார். அதனாலேயே அவர் ‘தங்கத் தாத்தா’ ஆனார். பிள்ளையின் உலகத்திலிருந்தே பிள்ளைக்கான எழுத்து பிறக்க வேண்டும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். அடுத்த படி, பிள்ளையே அந்த உலகத்தை எழுதுவதாகும். அந்தப் படியில்தான் நாம் தயங்கி நிற்கின்றோம்.

கல்வித்திட்டம் இதற்குத் தடையாக உள்ளதா என்றால், ஏட்டளவில் இல்லை என்றே கூற வேண்டும். 1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் இரண்டாம் தரங்களில் வழிப்படுத்தப்பட்ட விளையாட்டுக்கே முதலிடம் அளித்தது; செயற்பாடு அதற்கு அடுத்ததாகவும், எழுத்துவேலை மிகக் குறைவாகவும் இருக்க வேண்டுமெனக் கூறியது. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் ‘ஆக்கத்திறன் வெளிப்பாடு’ என்ற பெயரிலேயே ஒரு போட்டி உண்டு. ஆனால், அப்போட்டிக்கும் பிள்ளைகள் சிலருக்கு முன்கூட்டியே கட்டுரைகள் எழுதிக் கொடுக்கப்பட்டு மனனம் செய்விக்கப்படுவதை ஆசிரியர்களே வேதனையுடன் கூறக் கேட்டிருக்கின்றோம். ஆக்கத்திறனையே மனனம் செய்ய வைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்றால், பிழை பாடத்திட்டத்தில் மட்டும் இருக்க முடியாது.

இதற்குப் பின்னால் நிற்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்பதை அனைவரும் அறிவர். கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடுதல் என்ற உயரிய நோக்குடன் உருவானது அது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அதற்குத் தோற்றுகின்றனர். 2024 செப்டெம்பரில் நடைபெற்ற பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சை நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டிய வழக்காக மாறியதே, பெரியவர்களின் பதற்றம் எந்த அளவுக்கு வளர்ந்துள்ளது என்பதற்குச் சான்றாகும். பெற்றோரைக் குறைகூறுவதில் பயனில்லை. நல்ல பாடசாலைகள் குறைவாகவும் போட்டி கடுமையாகவும் இருக்கும்வரை, அவர்கள் மாதிரி வினாத்தாள்களையும் பிரத்தியேக வகுப்புகளையுமே நாடுவர்.

முன்பள்ளிகளும் இந்த வேகத்துக்குள் இழுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான முன்பள்ளிகள் தனியாராலும் உள்ளூராட்சிச் சபைகளாலும் சமய, சமூக அமைப்புகளாலும் நடத்தப்படுபவை. மிகச் சொற்பக் கொடுப்பனவுடன் பணிபுரியும் அவற்றின் ஆசிரியைகளிடம், ‘பிள்ளைக்கு எழுத்து வேலை கொடுக்கவில்லையா?’ என்று பெற்றோர் கேட்கின்றனர். விளைவாக, பென்சிலை இன்னும் சரியாகப் பிடிக்க முடியாத நான்கு வயதுப் பிள்ளை கொப்பி நிறைய ‘அ’ எழுதுகின்றது. தோட்டப்புறங்களில், முன்னர் ‘பிள்ளை மடுவம்’ என அழைக்கப்பட்டவை இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயர் பெற்றுள்ளபோதிலும், பிள்ளை கையில் எடுத்துப் புரட்டக்கூடிய கதைப்புத்தகங்கள் அங்கு போதியளவு உண்டா என்பது கேள்விக்குறியே. இந்த வயதில் பிள்ளைக்குத் தேவை கதை கேட்பதும், கதை சொல்வதும், படம் வரைவதும், அந்தப் படத்தைப் பற்றி அது சொல்லும் வசனத்தைப் பெரியவர் ஒருவர் அப்படியே எழுதி வாசித்துக் காட்டுவதுமாகும். தான் சொன்னது எழுத்தாகி மீண்டும் ஒலியாகி வருவதைக் கேட்கும் பிள்ளைக்கு எழுத்தின் பயனை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எமது பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு விடயம் இல்லையென எவரும் கூற முடியாது. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், 2009 வரை நீடித்த யுத்தத்தையும், இடப்பெயர்வுகளையும் கண்ட தலைமுறைகள் எம்முடையவை. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி வீசியபோது மண்சரிவையும் வெள்ளத்தையும் நேரில் கண்ட பிள்ளைகள் இன்று ஆரம்ப வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் ‘எனது பாடசாலை’ என்ற தலைப்பில் பத்து வசனங்களைப் பார்த்தெழுதச் சொல்கின்றோம். அவர்கள் கண்டதை எழுதும்படி வற்புறுத்தக் கூடாது. ஆனால், எழுத விரும்பும் பிள்ளைக்கு ஒரு தாளும், அதனைப் பொறுமையாக வாசிக்க ஒருவரும் இருக்க வேண்டும்.

இதற்கு எமது மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. யுத்தம் உக்கிரமடைந்திருந்த 1996ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கு ஒன்றாக அழைத்து வரப்பட்டனர். கதை சொல்லுதல், சித்திரம், நாடகம், விளையாட்டு என்பனவற்றின் ஊடாகத் தமது உலகத்தை அவர்கள் தாமே உருவாக்கினர். அயற்கிராமங்களுக்கிடையே அச்சமும் சந்தேகமும் நிலவிய காலத்தில், ஒரு பிள்ளையின் கதையை மற்றச் சமூகத்துப் பிள்ளை இருந்து கேட்டது. கிழக்கின் நாட்டார் கவிகளும் தாலாட்டுகளும் நொடிகளும் இரு சமூகங்களுக்கும் பொதுவான செல்வமாக இருப்பதை நினைவிற்கொண்டால், இது புதுமையன்று. பழைய உறவின் தொடர்ச்சியே.

இதற்குப் பெரும் நிதி தேவையென எண்ண வேண்டியதில்லை. முதலாம் உலகப் போரில் நுரையீரலில் காயமடைந்து நீண்ட நேரம் பேச இயலாதிருந்த செலெஸ்தான் பிரெனே என்ற பிரெஞ்சுக் கிராமத்து ஆசிரியர், 1920களில் தம் பிள்ளைகளை வயலுக்கும் பட்டறைக்கும் அழைத்துச் சென்றார். வகுப்புக்குத் திரும்பியதும் அவர்கள் சொன்னதை எழுதச் செய்து, சிறிய அச்சுப்பொறி ஒன்றில் அவர்களையே அச்சிடவும் செய்தார். அத்தாள்கள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. பிள்ளைகளுக்கு உண்மையான வாசகர்கள் கிடைத்தனர். எமக்கு அச்சுப்பொறி கூடத் தேவையில்லை. கையெழுத்துச் சஞ்சிகையும் சுவர்ப் பத்திரிகையும் எமது பாடசாலைகளுக்குப் புதியவையல்ல. எமது எழுத்தாளர்கள் பலர் தமது முதல் வரிகளை அவற்றிலேயே எழுதினர். அவற்றை உயர்தர மாணவர்களிடமிருந்து இரண்டாம் தரத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருவதே தேவையானது.

பிழைகளைத் திருத்தாவிட்டால் அவை பழக்கமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. திருத்தவே கூடாது என்று நாம் கூறவில்லை. முதலில் வாசியுங்கள், பிள்ளை சொன்ன விடயத்துக்குப் பதில் கூறுங்கள், அதன்பின் ஒரு பிழையை மாத்திரம் எடுத்துக்காட்டுங்கள் என்றே வேண்டுகின்றோம். ‘வாலில்லாத குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய்?’ என்று கேட்கும் ஆசிரியருக்குப் பிள்ளை இன்னும் இரு வசனங்கள் எழுதும். ‘ஒண்டு’ என்பதை வெட்டி ‘ஒன்று’ என எழுதுவதோடு நிறுத்தும் ஆசிரியருக்கு அது மீண்டும் எழுதுமா என்பது சந்தேகமே. பரீட்சை பற்றிய அச்சத்துக்கும் இதுவே பதில். தன் மனதில் உள்ளதை வசனமாக்கத் தெரிந்த பிள்ளை வினாவையும் விளங்கிக்கொள்ளும், விடையையும் எழுதும்.

2026 முதல் முதலாம் தரத்திலிருந்து நடைமுறைப்படுத்தவென 2025இல் அரசாங்கம் புதிய கல்விச் சீர்திருத்தத்தை அறிவித்தது. எந்தச் சீர்திருத்தமும் வகுப்பறையில் ஆசிரியர் கையிலேயே உயிர் பெறும். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள், புள்ளியும் போட்டியும் இன்றி, பிள்ளை விரும்பியதை எழுதவோ வரையவோ இடமளிக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகளும் ஆசிரிய ஆலோசகர்களும் கொப்பி எவ்வளவு நிறைந்துள்ளது என்பதைப் பார்ப்பதோடு, அதில் பிள்ளையின் சொந்த வசனம் எத்தனை உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்மொழிப் பாடநூல்களை ஆக்குவோர் வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கு என எல்லாப் பிரதேசப் பிள்ளைகளும் தமது வீட்டை அவற்றில் காணச் செய்ய வேண்டும்.

வாசிக்காத பிள்ளை எழுதாது என்பதால் நூலகங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடுகின்றோம். கட்டுரைப் போட்டிகளும் பரிசளிப்புகளும் நடைபெறுகின்றன. நவம்பரில் சிறுவர் பகுதியின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கப்படுகின்றது என்பதை எவரும் விசாரிப்பதில்லை. 1981இல் சுமார் 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை எண்ணி இன்றும் நெஞ்சம் பதறும் நாம், எமது ஊர் நூலகத்துக்கு எமது பிள்ளையை எத்தனை தடவை அழைத்துச் சென்றோம் என்று எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை உயர்ந்தபோது புத்தகங்களும் சாதாரண குடும்பங்களின் கைக்கு எட்டாதவையாகின. இத்தகைய நிலையில் உள்ளூராட்சிச் சபைகள் சிறுவர் நூல்களை வாங்குவது ஆடம்பரமன்று, கடமையாகும்.

வீட்டில் செய்யக்கூடியது இதனிலும் எளிது. இரவில் ஒரு கதை. அது புத்தகத்திலிருந்து வந்தாலும் சரி, அம்மம்மாவின் அல்லது உம்மம்மாவின் நினைவிலிருந்து வந்தாலும் சரி. கடைக்குச் செல்லும்போது வாங்க வேண்டிய பொருட்களைப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். வெளிநாட்டிலுள்ள மாமாவுக்குத் தொலைபேசியில் பேசுவதோடு நில்லாது, நான்கு வரிக் கடிதம் ஒன்றையும் எழுதச் சொல்லலாம். அதனைத் திருத்தாமலே அனுப்பலாம். பெறுபவருக்கு அந்தப் பிழைகளே பெருமகிழ்ச்சி தரும்.

இறுதியாக, எமது பங்கு. பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் பெரியவர்களின் நடைக்கே இடமளித்து வந்ததன் மூலம், எவ்வாறு எழுதினால் பிரசுரமாகும் என்ற பிழையான பாடத்தை நாமும் கற்பித்துள்ளோம். இனி, பிள்ளை தானே எழுதியது என்று தெரியும் நான்கு வரிகளுக்கு, எவரோ எழுதிக் கொடுத்த நாற்பது வரிகளுக்கு முன்னால் இடமளிக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நாம் வேண்டுவதும் அதுவே. பிள்ளையின் எழுத்தைத் திருத்தி, அழகுபடுத்தி, மீண்டும் பார்த்தெழுதுவித்து எமக்கு அனுப்பாதீர்கள். தாளின் பின்பக்கத்தில் இருப்பதை அனுப்புங்கள். வாலில்லாத பூனைக்குட்டியைப் பற்றி எழுதிய பிள்ளை இன்று வளர்ந்திருக்கும். அது இப்போதும் எழுதிக்கொண்டிருக்கின்றதா என்பது எமக்குத் தெரியாது. ஆனால், அதன் முதல் வாசகராக இருக்கும் வாய்ப்பை நாம் தவறவிட்டோம் என்பது மட்டும் தெரியும்.